பச்சைக் கோடு ஆடினால் போதும்

கம்ப்யூட்டர் திரையில் படம் வர வேண்டிய பெட்டி கறுப்பாகவே இருந்தது. வசந்தாமணி வயரின் மூன்று முனைகளையும் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் செருகினாள். மஞ்சள் மஞ்சளில், வெள்ளை வெள்ளையில், சிவப்பு சிவப்பில். இதில் தப்பு வர என்ன இருக்கிறது, பால்வாடிப் பிள்ளைகூடச் செருகிவிடும். ஆனால் காலையில் பல் விளக்கியதிலிருந்து இதே பாடு. வீடியோ காமிராவைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தாள். அதன் சின்னத் திரையில் சுவரும் காலண்டரும் பளிச்சென்று தெரிந்தன. அது வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். நடுவில், மகள் சுகன்யா ஓசூரிலிருந்து கூரியரில் அனுப்பிய கட்டைவிரல் நீளக் குச்சி ஒன்று. அந்தக் குச்சிதான் டேப்பில் இருப்பதை வாங்கிக் கம்ப்யூட்டரில் போடுமாம். வாங்குகிறதோ விழுங்குகிறதோ, யார் கண்டது. டேப்பை மட்டும் சும்மா சும்மா ஓட்டிப் பார்க்காதே அம்மா, பழைய டேப்பு, ஒருக்கா ஓடறதே பெருசு, முதல்ல வெறும் காமிராவ வெச்சுப் படம் வருதான்னு பாத்துக்கோ என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் டேப் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. வசந்தாமணி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். ஒரு தீப்பெட்டி அளவு சாமான். அதற்குள்தான் புருஷன் சென்னியப்பனின் குரல் மிச்சம் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

ஆள் இல்லாமல் இல்லை, ஆள் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன ஐப்பசியில் தொண்டையில் கத்தி வைத்து, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர் குரலைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன் வழியாகப் புஸ் புஸ்ஸென்று மூச்சு. எதையாவது சொல்லவேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுவார். கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார். கோழி விரட்டுகிற மாதிரி அந்தத் தட்டல். முதல் மாதத்தில் தட்டினால் ஓடினாள். இரண்டாம் மாதத்தில் நடந்தாள். இப்போதெல்லாம், என்னுங்க, வர்றேன், வர்றேன், எனக்கென்ன பத்துக் கையா இருக்குது என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுகிறாள். பம்பு கம்பெனியில் அத்தனை மிஷின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்து வேலை வாங்கின ஃபோர்மேன். கணபதி பஸ் ஸ்டாப்பில் நின்று கூப்பிட்டால் வீட்டுக்குக் கேட்கும் என்று தெருவே கேலி பேசும். அந்தத் தொண்டை. அப்போது எரிச்சலாகத்தானே இருந்தது? கொஞ்சம் மெல்லப் பேசுங்களேன், பக்கத்து வீட்ல என்னமோ ஏதோன்னு எட்டிப் பாக்கறாங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சாமி அதை மட்டும் காதில் போட்டுக்கொண்டது. மற்றதெல்லாம் கேட்டபோது எங்கே போயிருந்தது அந்தச் சாமி? போன வாரம் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது சும்மா மனசுக்குள் அவர் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் அவளை மணீ என்றுதான் கூப்பிடுவார், அந்த ணீயை ஒரு இழுப்பு இழுப்பார். வரவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையெல்லாம் மாவோடு நின்றுகொண்டு மறுபடி யோசித்தாள். அவர் தம்பியின் குரல் வந்தது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரல் வந்தது. அவருடையது வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கேட்ட குரல், ஒரு வருஷத்துக்குள் காதை விட்டுப் போகுமா? போகிறதே.

அன்றைக்குச் சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டாள், டேப்பு கிடக்குதல்ல கண்ணு, அதுல இருக்குமல்ல என்றாள். டேப்பு என்றால் நிறைய இருந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் காமிரா வாங்கின புதிதில் வீட்டில் ஈ பறந்தாலும் எடுப்பார். எடுத்துக்கொண்டே பேசுவார். ஆனால் புது டேப் வாங்க மனசு வராது, இருப்பதன் மேலேயே எடுப்பார். சுகன்யா வயசுக்கு வந்த சீரின் மேல் குலதெய்வக் கிடாவெட்டு, கிடாவெட்டின் மேல் யாரோ வீட்டுக் காதுகுத்து. எடுத்து எடுத்து எல்லாம் ஒன்றின் அடியில் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது செய்த புண்ணியார்ச்சனை டேப் மட்டும்தான் தப்பியது, அதுவும் சாமி அலமாரியில் இருந்ததால். அதற்குச் சிடி போட்டு வைத்திருக்கிறது, சிடியில் குரல் இல்லை. வெறும் பேச்சாக் கெடக்குதுங்க அண்ணா, நல்ல பாட்டாப் போட்டுக் குடுங்க என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னவள் வசந்தாமணிதான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், எந்த விசேஷ வீட்டுக் கேசட்டிலாவது மனுஷக் குரல் இருந்திருக்கிறதா? ஐயர் மந்திரம் சொல்வார், வாய் அசையும், பின்னால் சினிமாப் பாட்டு. மாமனார் கையை ஆட்டி என்னமோ சொல்வார், அதற்கும் பாட்டு. செத்தவர்கள், இருப்பவர்கள் எல்லார் வாயிலும் பாட்டு. இப்போது நினைத்து என்ன, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சென்னியப்பனிடம் காமிராவைத் தேடி எடுத்து வந்து காட்டியபோது அவர் முகம் கொடுக்கவில்லை. சிலேட்டில், எதுக்கு இதெல்லாம் என்று எழுதினார். எதுக்கா? பேரன் உங்க குரலை ஒருக்காக்கூடக் கேட்டதில்லையே, அதுக்குத்தான் என்றாள். எனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் எழுத்தைத் துடைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. சுகன்யா. பின்னால் பேரனின் அழுகை, மிக்ஸி ஓடுகிற சத்தம். "என்னம்மா, படம் வந்துச்சா?" "எங்க வந்துச்சு, கருமம், ஒரே கறுப்பு." "அந்த வயரு காமிராவோடவே வந்த வயரா?" "அது எந்தக் காலத்துலயோ போச்சு. இது டிவி ரிப்பேர்க் கடைல வாங்குனது." "அப்ப கலரை நம்பாதம்மா. கம்பெனிக்குக் கம்பெனி உள்ள மாத்தி வெச்சிருப்பாங்க. செவப்பை எடுத்து மஞ்சள் ஓட்டைல செருகிப் பாரு." செருகினாள். சுவர் வந்தது. காலண்டர் வந்தது, அதில் முருகன் வேலோடு வந்தார். வசந்தாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இதற்குப் போயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மஞ்சளைச் சிவப்பில் செருகச் சொன்னாள் மகள், செருகினாள். "இப்ப நல்லாக் கேட்டுக்கோ. நான் சொன்ன சிவப்புப் பட்டனை அமுக்குனதும் பதிவாக ஆரம்பிக்கும். அப்ப உனக்குச் சத்தம் கேக்காது, பயந்துக்காத. பக்கத்துல பச்சைக் கோடு ஒண்ணு மேலயும் கீழயும் ஆடும் பாரு, அது ஆடுனாப் போதும், சத்தம் பதிவாகுதுன்னு அர்த்தம். காமிரா ஸ்பீக்கர்லயாவது கேக்குதா?" "அது என்னைக்கோ செத்துப்போச்சு." "சரி விடு, அது வேண்டாம். டேப்பை நிறுத்தாத. முழுசா ஓடட்டும். அப்பா என்ன பண்றாரு?" "உக்காந்திருக்காரு" என்றாள். வேறென்ன சொல்வது.

துணியைப் பிரித்து டேப்பை எடுத்தாள். மேலே சந்தனப் பொட்டும் குங்குமமும் காய்ந்து பக்கு பக்காக நின்றன. காமிராவிலும் அப்படித்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பானர், திருப்புளி, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றோடும் காமிராவையும் இந்த டேப்பையும் வாழையிலையில் வைத்து, மூன்று மூன்று பொட்டு வைத்து, பொரி படைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கும்பிடாத மிஷினுக்குச் சீக்கு வரும் என்பார் சென்னியப்பன். பொட்டு வைத்தது அவள் விரல். டேப் போடுகிற கதவின் இடுக்கெல்லாம் சந்தனத் தூள். துடைப்பக் குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். ஊதினாள். உள்ளே இன்னும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும், ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்தவர் ஹாலில் பேப்பர் படிக்கிறார், அவரைக் கேட்க வாய் வரவில்லை, எதுக்கு இதெல்லாம் என்று எழுதினவரை எப்படிக் கேட்பது. ரோஷம்தான், வேறென்ன. அவருக்கு மட்டும்தான் ரோஷம் இருக்குமா? டேப்பைப் போட்டாள். கதவு கர்ரென்று முனகி மூடிக்கொண்டது. சாமியை நினைத்துக்கொண்டு சிவப்புப் பட்டனை அமுக்கினாள், காமிராவில் ஓடுகிற பட்டனையும் அமுக்கினாள்.

திரை நடுங்கி, கோடு கோடாக ஓடி, நின்றது. இந்த வீடுதான். வாசலில் வாழைமரம், தோரணம், சுண்ணாம்பு ஈரம் காயாத சுவர். ஆரஞ்சுப் பட்டில் ஒருத்தி குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், அட, நான்தான் அது. இடுப்பு எங்கே போச்சு, தலைமுடி எங்கே போச்சு. திரையில் இருக்கிறவள் காமிராவைப் பார்த்து வாயைத் திறந்து என்னமோ சொல்கிறாள், எரிச்சலாகத்தான் சொல்கிறாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் அப்போது காமிராவுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வருகிறார், இதோ வர்றாங்க வீட்டுக்கார அம்மா, அப்படி ஏதாவது. அவர் படத்தில் வரவே மாட்டார், எடுக்கிறவர் எப்படி வருவார். அவர் இருப்பது சத்தத்தில் மட்டும்தான். பச்சைக் கோடு ஆடியது. துள்ளித் துள்ளி ஆடியது. வசந்தாமணி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆடட்டும், ஆடட்டும். சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. அதே நேரம் கோடு உச்சிக்குப் போய் வந்தது. சிரித்திருப்பார், அவர் சிரித்தால் அப்படித்தான் வீடே அதிரும். குக்கரை அணைக்க வேண்டும், எழுந்தால் இந்தக் கோடு நின்றுவிடும் போல ஒரு நினைப்பு, காவல் இருந்தாற்போல உட்கார்ந்தே இருந்தாள். ஹாலில் கை தட்டல். உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. "சித்த சும்மா இருங்களேன்! பதிவாகிட்டிருக்குதல்ல!" என்று கத்தினாள். தட்டல் நின்றது. திரையில் மாமனார், சொந்தக்காரர்கள், பந்தி, சாம்பார் வாளியோடு ஓடுகிற பங்காளிப் பையன்கள். கண் வலித்தது. இடுப்பு வலித்தது. ஒரு வருஷமாகவே வலிக்கிறது, கஞ்சியைக் குழாயில் ஊற்றி, துணி மாற்றி, சளி எடுத்து, ராத்திரி அந்த மூச்சு சரியாக ஓடுகிறதா என்று காது வைத்துக் காது வைத்து. நல்லாப் பாத்துக்கறீங்க என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். நல்லாவா? மனசுக்குள் என்ன ஓடுகிறதென்று அவர்களுக்குத் தெரியுமா? யாரிடமும் சொன்னதில்லை. திரையில் ஓடுகிற அந்த ஆரஞ்சுப் பட்டுக்காரியிடம் சொல்வதுபோல வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "உனக்கென்ன தாயி, பேசற புருஷன். எனக்கு இந்தப் புஸ்ஸு புஸ்ஸுங்கற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சே போச்சு. பாம்புகூடக் குடித்தனம் பண்றாப்பல இருக்குது சாமி." சொன்னதும் நெஞ்சுச் சளி இளகினாற்போலக் கொஞ்சம் லேசாக இருந்தது. பச்சைக் கோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டைக் காட்டும்போது படம் சுருண்டது. காமிராவுக்குள் நறநறவென்று, அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். அமுக்கினாள், எதை எதையோ அமுக்கினாள், ஐயோ ஐயோ என்றாள். கதவு திறந்தபோது டேப் உள்ளிருந்து பழுப்பு நாடாவாக, குடல் சரிந்ததுபோல வந்தது. கசங்கி, மடிந்து, ஓரிடத்தில் அறுந்தே போயிருந்தது. அதன்மேல் மஞ்சள் தூள். சந்தனம். வசந்தாமணி அதை அள்ளி வெள்ளைத் துணியில் வைத்தாள். போனாப் போகுது, முக்கால்வாசி ஓடிவிட்டதே, பதிவாகிவிட்டதே, கோடு ஆடியதே. இனி டேப்பு எதற்கு? கோடு ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நிறுத்துகிற பட்டனை அமுக்கினாள். பதிந்ததைப் போட்டுக் கேட்கிற பட்டனைத் தேடி அமுக்கினாள்.

வாழைமரம் வந்தது, தோரணம் வந்தது. ஃபேன் சத்தம் கேட்டது. அந்தக் காலத்து ஃபேனா, வெளிவாசலில் ஏது ஃபேன்? ஆரஞ்சுப் பட்டுக்காரி வாயைத் திறந்தாள், நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. குக்கர் விசில் அடித்தது. வசந்தாமணி போனை எடுத்தாள். மகளுக்குப் போட்டாள். விவரம் சொன்னதும் சுகன்யா மெல்லக் கேட்டாள்: "அம்மா, மானிட்டர் மேல வெப்கேம் மாட்டித்தான இருக்குது? ஞாயித்துக்கிழமை நீ பேரனப் பாக்கறதுக்கு மாட்டுனது?" இருந்தது. ஒற்றைக் கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டு இருந்தது. "சத்தம் டேப்புல இருந்து வரல. அதோட மைக்குல இருந்து எடுத்திருக்குது. ரூம்ல இருந்த சத்தத்தை. நான் அதைப் பாக்கச் சொல்ல மறந்துட்டேன்மா. சரி, டேப்பை மறுக்கா ஓட்டிக்கலாம் விடு." "டேப்பு போச்சு கண்ணு" என்றாள். அந்தப் பக்கம் பேரன் அழுதான். அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

அழித்துவிடலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனாள். அதற்குள் கை தட்டல் கேட்டது. ஹாலிலிருந்து இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து. தொடர்ந்து ஒரு பொம்பளைக் குரல், சித்த சும்மா இருங்களேன் என்று. இப்படியா கத்தினேன்? இது யார் குரல், இத்தனை கரகரப்பாக, பிடாரி மாதிரி? திரையில் பந்தி நடக்கிறது. சத்தத்தில் வேறு ஒரு வீடு நடந்தது. செருப்பு தேய்த்துத் தேய்த்து யாரோ சமையல்கட்டுக்குப் போகிறார். குக்கரை அணைக்கிற சத்தம். ஆமாம், குக்கரை யார் அணைத்தது? அவள் எழுந்திருக்கவே இல்லையே. குழாய்த் தண்ணீர். லைட்டர் டிக் டிக்கென்று, நாலைந்து தரம். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் அடுப்புப் பக்கமே போனதில்லை, சூடு ஆவி கழுத்தில் பட்டால் இருமல் வரும். இருமினார். கழுத்துத் துணியைப் பொத்தினாற்போல அடக்கி அடக்கி இருமினார், பதிவாகிறது என்று சொல்லியிருந்தாளே. பிறகு மறுபடி செருப்பு, இப்போது பக்கத்தில், மிகப் பக்கத்தில், இந்த அறைக் கதவருகே. புஸ், புஸ். நின்றுகொண்டிருக்கிறார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த ஆரஞ்சுப் பட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். புஸ், புஸ். எவ்வளவு நேரம் நின்றார், பந்தி முடிந்து இலை எடுக்கிறார்கள், இன்னும் நிற்கிறார். அப்போது அந்தப் பிடாரி பேசினாள். சலிச்சே போச்சு என்றாள். பாம்புகூடக் குடித்தனம் என்றாள். மூச்சு நின்றது. வசந்தாமணி ராத்திரி ராத்திரி காது வைத்துக் கேட்கிற அந்த மூச்சு, கம்ப்யூட்டருக்குள் நின்றுபோனது. அவளும் மூச்சு விடவில்லை. பிறகு அது மெல்லத் திரும்ப வந்தது, முன்னைவிட மெல்ல, சத்தம் வராமல் விடப் பார்க்கிறவன் மாதிரி. டம்ளர் ஒன்று மரத்தின்மேல் வைக்கப்படும் சத்தம். செருப்பைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைத்துப் போகிறார்.

திரும்பிப் பார்த்தாள். கதவோரத்துத் தையல் மிஷின் மேல் காப்பி இருந்தது. ஆடை கட்டிப் போயிருந்தது. வேண்டுமா என்று கேட்கத்தான் கை தட்டியிருக்கிறார். எழுந்து போய் எடுத்து, நின்றபடியே குடித்தாள், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். ஹாலில் சென்னியப்பன் பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பவில்லை, இந்தப் பக்கமும் திருப்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "குரல் கெடைக்கலீங்க" என்றாள். "டேப்பும் போச்சு. நீங்க வந்து நின்னது கெடச்சுது. நான் பேசுனதும் கெடச்சுது." அவர் கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. "நான் ஒரு கூறுகெட்டவ. உங்க குரல் எங்காதுல இல்லாமப் போச்சுங்க, அந்தப் பயத்துல என்ன பேசறதுன்னே தெரியல. பேரனுக்கு இல்லீங்க, எனக்குத்தான் வேணுமின்னு இருந்துச்சு." அவர் சிலேட்டைக் கையால் துடைத்தார். சாக்பீஸை எடுத்து, சிலேட்டை அவள் மடிப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினார். சக்கரை பத்துச்சா?

"சக்கரையே போடலீங்க" என்றாள் வசந்தாமணி. சொல்லிவிட்டு, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதாள்.